பிரையன் மேயின் கிட்டார் ஒலி: கருவிகள் கையில் இருந்தும் அது ஏன் வருவதில்லை?

குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே எதையெல்லாம் வைத்து வாசிக்கிறார் என்பதில் ரகசியம் ஏதுமில்லை. ரெட் ஸ்பெஷல் என்ற கிட்டார், ட்ரெபிள் பூஸ்டர் என்ற சின்னப் பெட்டி, வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயர், கம்பியை மீட்டும் பிக் என்ற சின்னத் தகட்டுக்குப் பதிலாக ஒரு பழைய ஆங்கிலேய நாணயம். கிட்டாரின் நகல், பூஸ்டரின் நகல் எல்லாமே இன்று விலைக்குக் கிடைக்கின்றன. ஏசி30 இன்னமும் தயாரிப்பில் இருக்கிறது. இருந்தும் வாங்கி மாட்டிப் பார்க்கிற பலருக்கு அந்த ஒலி கிட்டவே வருவதில்லை. "எல்லாம் விரலில் இருக்கிறது" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

விரலுக்குப் பங்கு உண்டு. ஆனால் மின்னியலும் ஒலியியலும் தெளிவாக விளக்கக்கூடிய காரணங்கள் இதில் நிறைய இருக்கின்றன. இந்தக் கருவிகளைத் தனித்தனிப் பொருள்களாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்து வருவதை எப்படித் தள்ளுகிறது என்று பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அடிப்படை: ஆம்ப் திணறும்போது என்ன நடக்கிறது?

மின்கிட்டாரில் கம்பி அதிர்கிறது. அதன் அடியில் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செப்புச் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கிறது. கம்பியின் அசைவு அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கும். ஆம்ப் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

எந்த ஆம்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் சிக்னல் வந்தால் அலையின் உச்சி நறுக்கப்படும். இதுதான் டிஸ்டார்ஷன். ராக் இசையின் கரகரப்பு இங்கிருந்துதான் வருகிறது. இதனால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன.

1. மூலச் சுரத்தில் இல்லாத மேல் ஹார்மோனிக்குகள் (சுரத்தின் அதிர்வெண்ணைப் போல இரண்டு, மூன்று மடங்கான ஒலிகள்) புதிதாகச் சேர்கின்றன. ஒலி தடிக்கிறது.

2. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. உச்சி நறுக்கப்படுவதால் பெரியது அதற்கு மேல் பெரிதாக முடியாது, சிறியது மட்டும் மேலே ஏறிவரும். கிட்டார் சுரம் வயலின் போல நீண்டு நிற்பது இதனால்தான்.

3. இரண்டு சுரங்கள் ஒன்றாக உள்ளே போனால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது, நான்காவது சுரங்கள் பிறக்கின்றன.

கருவிகளைப் பற்றி எழுதுபவர்கள் முதல் இரண்டைச் சொல்வார்கள், மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மேயின் ஒலியைப் புரிந்துகொள்ள அந்த மூன்றாவதுதான் சாவி. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

ரெட் ஸ்பெஷல்: கதையைத் தாண்டி வடிவமைப்பு

1963 ஆகஸ்டில், 16 வயதுப் பையனான மேயும் மின்னணுவியல் வேலையில் இருந்த அவர் தந்தை ஹரால்டும் லண்டனை ஒட்டிய ஃபெல்தாமில், தங்கள் வீட்டிலேயே இந்தக் கிட்டாரைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஃபெண்டர் கிட்டாரின் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாதது. கழுத்துக்கு, பழைய கணப்படுப்பின் மேல் இருந்த மஹோகனிப் பலகை. அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலுக்கு, பழைய மேசையிலிருந்து எடுத்த ஓக் மரம். விரல் பலகையில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் பொத்தான் பெட்டியிலிருந்து வந்த சிப்பிப் பொத்தான்கள். சுரத்தை இறக்கி ஏற்றும் ட்ரெமலோ அமைப்புக்கு மோட்டார்சைக்கிள் வால்வு ஸ்பிரிங் இரண்டு.

சுவையான கதைதான், சொல்லத் தகுந்ததுதான். ஆனால் இதை இல்லாமையின் கதையாக மட்டும் சொல்வது அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் செய்யும் அநியாயம். பொருள்தான் பழையதே தவிர யோசனை அன்றைய தொழிற்சாலைக் கிட்டார்கள் பலவற்றைவிட முன்னே போயிருந்தது.

1. ட்ரெமலோ. கைப்பிடியை அழுத்திச் சுரத்தை இறக்கிவிட்டு விட்டால், கம்பி பழைய சுருதிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாததற்குக் காரணம் உராய்வு. அதனால் ட்ரெமலோ தகட்டைக் கத்தி முனை போன்ற எஃகு விளிம்பின் மேல் ஆடும்படி நிறுத்தினார்கள். கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜில் அவை உருளைகளின் மேல் உட்கார்ந்தன. விரல் பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்; மேல்முனையில் பூஜ்ய ஃப்ரெட் என்று கூடுதலாக ஒன்றை வைத்தார்கள். உராய்வு எங்கெல்லாம் வரக்கூடும் என்று யோசித்து, அங்கெல்லாம் குறைத்திருக்கிறார்கள்.

2. ஃபீட்பேக். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கம்பியை மறுபடி அதிரவைத்தால் சுரம் நின்றுபோகாமல் நீளும். இசைக்கு உதவும் இந்த ஃபீட்பேக்கை மே வேண்டுமென்றே விரும்பினார். அதனால் உடலின் உள்ளே வெற்று அறைகள் விட்டார்கள். ஆனால் இன்னொரு ஃபீட்பேக்கும் உண்டு. பிக்கப்பின் செப்புச் சுருளே தளர்ந்து அதிர்ந்தால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும். அதைத் தடுக்க பிக்கப்புகளுக்குள் அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார் மே. வேண்டியதை வளர்த்து வேண்டாததை அடக்கும் இந்த இரட்டை வேலையைப் பதின்ம வயதில் ஒருவர் யோசித்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

3. பிக்கப் இணைப்பு. முதலில் அவரே சுற்றிய பிக்கப்புகளில், கம்பியை வளைக்கும்போது ஒலி சீராக வரவில்லை. பிறகு பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப் மூன்றை வாங்கிப் பொருத்தினார். அவற்றை இணைத்த விதத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆறு சுவிட்சுகள்

பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு பிக்கப்பை ஒன்றாகப் போட்டால் அவை பக்க இணைப்பில் சேரும். ரெட் ஸ்பெஷலில் அவை தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஒன்றின் மின்னழுத்தம் இன்னொன்றோடு கூடும். சுருள்களின் தூண்டல் திறனும் கூடுவதால், பிக்கப் எந்த அதிர்வெண்ணை அதிகம் எடுத்துக் கொடுக்குமோ அது கீழே இறங்கும். கூரிய மேல் ஒலி குறைந்து, நடு ஒலி பருக்கும். அவர் அதிகம் பயன்படுத்துவது பிரிட்ஜ் பிக்கப்பும் நடு பிக்கப்பும் சேர்ந்த ஒலிதான்.

ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்சுகள். ஒன்று ஆன்-ஆஃப், மற்றது அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச். இரண்டு பிக்கப்பைப் போட்டு, ஒன்றை மட்டும் தலைகீழாக்கினால், இரண்டும் பொதுவாக எடுக்கும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொதுவாக எடுப்பது எது? சுரத்தின் அடிப்படை அதிர்வு. ஹார்மோனிக்குகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அவை தப்பிக்கும். மிஞ்சுவது மெலிந்த, மூக்கால் பாடுவது போன்ற ஒலி.

இதைச் சாதாரண ஆம்பில் போட்டால் ஒல்லியாகத்தான் கேட்கும். பெரும்பாலானவர்கள் ஃபேஸ் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறந்துபோவது இதனால்தான். மேயின் கருவிச் சங்கிலியில் அடுத்து வரும் பூஸ்டரும் ஆம்பும் இழந்த அளவை மீட்டுக்கொடுத்துவிடும். எஞ்சியிருக்கும் ஹார்மோனிக்குகள் அங்கே பெருகி நறுக்கப்பட்டு, அலறும் ஒலியாகின்றன. 'பொஹீமியன் ராப்சடி' பாட்டின் தனி வாசிப்பில் கேட்பது கழுத்துப் பக்க பிக்கப்பும் நடு பிக்கப்பும் இப்படி எதிரெதிராகச் சேர்ந்த ஒலி. அந்தச் சுவிட்ச் மட்டும் தனியே இருந்தால் பயனில்லை. பின்னால் வருபவை இருப்பதால்தான் அதற்கு அர்த்தம்.

பூஸ்டர்: பேஸைக் குறைத்தால் ஏன் ஒலி பெரிதாகிறது?

1960களின் பிற்பகுதியில், லண்டன் மார்க்கீ கிளப்பில் டேஸ்ட் குழுவின் நிகழ்ச்சி முடிந்ததும், மே அதன் கிட்டார் கலைஞர் ரோரி கலகரிடம் போய் அந்த ஒலி எப்படி வருகிறது என்று கேட்டார். ஒரு ஏசி30, அதற்கு முன் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர் என்று கலகர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மே தன் கிட்டாரை அதேபோல் இணைத்துப் பார்த்தார், தேடிய ஒலி கிடைத்துவிட்டது. அப்போதிலிருந்து அந்தச் சேர்க்கையை அவர் விட்டதில்லை.

ரேஞ்ச்மாஸ்டருக்குள் இருப்பது ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், சில கெபாசிட்டர். உள்ளே நுழையும் இடத்தில் உள்ள கெபாசிட்டர் மிகச் சிறியது. அதனால் தாழ்ந்த அதிர்வெண்கள் குறைந்து, மேலே உள்ளவை அதிகம் பெருக்கப்படுகின்றன. பெயரைப் பார்த்துக் கூர்மைக்காகச் சேர்ப்பது என்று நினைக்கத் தோன்றும். உண்மையான பயன் வேறு.

கிட்டார் சிக்னலில் மிகப் பெரிய அலைகள் பேஸ் என்ற தாழ்ந்த ஒலிப் பகுதியில் இருக்கும். ஆம்பை எல்லை வரை தள்ளினால் அவைதான் முதலில் நறுக்கப்படும். அப்போது அவற்றின் மேல் ஏறி வரும் சின்ன அலைகளும் சேர்ந்து நசுங்கும். ஒலி சேறாகிவிடும். பேஸை முன்னாலேயே குறைத்துவிட்டால் நறுக்கல் நடு, மேல் பகுதிகளில் நடக்கும், சுரம் தெளிவாக நிற்கும். குறைந்துபோன தடிமனை ஆம்பின் டிஸ்டார்ஷனும் ஸ்பீக்கரும் ஓரளவு திரும்பக் கொண்டுவரும். ரெட் ஸ்பெஷலின் தொடர் இணைப்பு ஏற்கெனவே நடு ஒலியைப் பருக்கவைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கிட்டாருக்கு இந்தப் பெட்டி பொருந்துகிற அளவுக்கு எல்லாக் கிட்டாருக்கும் பொருந்தாது. ஏற்கெனவே கூர்மையான கிட்டாரில் இதே பெட்டி காதைக் குத்தும்.

ஏசி30: குமிழ் கிட்டாரில் இருக்கிறது

கென்ட் பகுதியின் டார்ட்ஃபோர்டில் ஜேஎம்ஐ நிறுவனம் தயாரித்த ஆம்ப் இது. ஈஎல்84 என்ற வால்வு (வெற்றிடக் குழாய்) நான்கு, சுமார் 30 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. அந்தக் காலத்துப் பல ஆம்புகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் ஒரு விஷயம், இதன் கடைசிக் கட்டத்தில் எதிர்ப் பின்னூட்டம் இல்லை.

வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்துவதுதான் எதிர்ப் பின்னூட்டம். அது இருந்தால் ஆம்ப் எல்லை வரை சுத்தமாக இருந்து, எல்லையில் திடீரென்று உடையும். அது இல்லாத ஏசி30 சுத்த ஒலியிலிருந்து கரகரப்புக்கு மெல்ல மெல்ல மாறும். அந்த மாற்றத்துக்குள் நிறைய இடம் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் மே வாசிக்கிறார். ஆம்பின் நார்மல் சேனலில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்துவிடுவார். பிறகு ஆம்பைத் தொடுவதில்லை. கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தால் சுத்தமான, மணி போன்ற கார்டுகள் (பல சுரக் கூட்டுகள்), கூட்டினால் நீளும் தனிச் சுரங்கள். டிஸ்டார்ஷன் பெடலைக் காலால் மிதித்து மாற்றுகிற பழக்கத்தில் இருப்பவர்கள், கிட்டார் குமிழைப் பத்தில் வைத்துவிட்டு, ஆம்பின் வால்யூமை மூன்றில் வைத்து வாசிக்கிறார்கள். கருவிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வராததற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

நாணயத்தின் இடம்

மே வாசிப்பது சிக்ஸ்பென்ஸ் நாணயத்தால். பிரிட்டனில் 1980இல் புழக்கத்திலிருந்து போய்விட்ட காசு. வளையாத உலோகம், விளிம்பில் நெருக்கமான வரிகள். தட்டையாகப் பிடித்தால் மென்மையான தொடக்கம் கிடைக்கும். சற்றுத் திருப்பினால் அந்த வரிகள் கம்பியை உரசி, சுரத்தின் முன்னால் ஒரு சின்னச் 'சர்' ஒலி வரும்.

சுத்தமான ஆம்பில் அது பெரிதாகக் கேட்காது. மேலே சொன்ன இரண்டாவது விளைவை நினைத்துக்கொள்ளுங்கள்: எல்லையைத் தொட்ட ஆம்ப் சிறியதை மேலே கொண்டுவரும். அந்த உரசலும் சுரத்தோடு ஏறக்குறைய சரிசமமாக வந்து நிற்கிறது. அவர் கிட்டார் மெய்யெழுத்தோடு பேசுவது போலக் கேட்பது இதனால்தான்.

இரண்டு சுரம், ஒரு ஆம்ப்: கணக்கு எப்படிக் கெடுகிறது?

இப்போது மூன்றாவது விளைவுக்கு வருவோம். குவீன் பாடல்களில் மூன்று, நான்கு கிட்டார்கள் கூட்டாகப் பாடும் பகுதிகள் அத்தனை தெளிவாக இருப்பது எப்படி? இதை ஒரு உதாரணத்தோடு பார்த்தால்தான் விளங்கும்.

ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் உள்ள சி ஷார்ப், கிட்டாரில் 554.4 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் இனிய கூட்டு. ஆனால் இரண்டையும் ஒரே டிஸ்டார்ஷன் ஆம்புக்குள் அனுப்பினால், அவற்றின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் புதுச் சுரங்களாகப் பிறக்கும். வித்தியாசம் 114.4 ஹெர்ட்ஸ். தாழ்ந்த ஏ 110, அதற்கு அடுத்த ஏ ஷார்ப் 116.5. நம் 114.4 இரண்டிலும் சேராமல் நடுவில் தொங்குகிறது. எந்த ஃப்ரெட்டிலும் இல்லாத அபசுரம் ஒன்று பாட்டின் அடியில் முனகிக்கொண்டே இருக்கும். கூட்டுத்தொகையான 994.4 பி சுரத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. பி இந்தக் கார்டிலேயே இல்லை. மூன்றாவது சுரமும் சேர்ந்தால் இப்படிப் பிறப்பவை பல மடங்காகும்.

அதே ஏ சுரத்தோடு மேலே உள்ள ஈ சுரத்தை, அதாவது 659.3 ஹெர்ட்ஸை, வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் 219.3. கீழ் ஏ 220. கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று. ராக் இசை முழுக்க இந்த இரண்டு சுர 'பவர் கார்டு' நிறைந்திருப்பதற்கும், முழு கார்டுகள் கனத்த டிஸ்டார்ஷனில் கலங்கிப்போவதற்கும் முக்கியக் காரணம் இந்தக் கணக்கு.

மே செய்தது இதுதான்: ஒவ்வொரு குரலையும், அதாவது ஒவ்வொரு கிட்டார் வரியையும், தனியாக வாசித்து, தனி ட்ராக்கில் பதிவு செய்தார். ஒவ்வொன்றும் ஆம்பைத் தனியே கடந்துவிடுகிறது. டிஸ்டார்ஷன் முடிந்த பிறகுதான் மிக்சரில் அவை சந்திக்கின்றன. மிக்சர் கூட்டுவதோடு சரி, நறுக்குவதில்லை. அதனால் 440ம் 554.4ம் இருக்கும், 114.4 பிறக்காது. ஒவ்வொரு கிட்டாரும் கரகரப்பாக இருந்தும் கூட்டு மட்டும் தெளிவாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான். குழுவின் ஆரம்பகால ஆல்பம் அட்டைகளில் சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்று அச்சிட வேண்டியிருந்ததற்கும் இந்த ஒலிதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கேட்டவர்களுக்கு அது கிட்டார் என்று நம்பக் கடினமாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1975இல் அவர்கள் பயன்படுத்திய டேப்பில் 24 ட்ராக் மட்டுமே. பாடகர்களின் குரல்களும் இதேபோல் அடுக்கப்பட்டன. இடம் தீர்ந்ததும் பல ட்ராக்குகளை ஒன்றாகக் கலந்து வேறு ட்ராக்கில் இறக்கி, இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் டேப் இரைச்சல் கூடும், கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. எந்தக் குரல் எவ்வளவு உரக்க இருக்க வேண்டும் என்பதைப் பாட்டு முடியும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

டீக்கி ஆம்ப்

குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து, ஒரு சிறிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தினார். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் அதற்கு வால்யூம், டோன் என்று எந்தக் குமிழும் இல்லை. உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ட்ரெபிள் பூஸ்டரிலிருந்து வரும் சிக்னலுக்கு அது எப்போதும் திணறிக்கொண்டே இருக்கும். சின்ன ஸ்பீக்கர், மேலும் கீழும் உள்ள ஒலியை வெட்டிவிடும். மிஞ்சுவது செல்லோ, கிளாரினெட் பக்கம் சாயும் வழவழப்பான நடு ஒலி.

1975இல் வந்த 'குட் கம்பெனி' பாட்டில் டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் என்று ஒரு ஜாஸ் குழுவே வாசிப்பது போலக் கேட்கும். அத்தனையும் ரெட் ஸ்பெஷல், டீக்கி ஆம்ப், தனித்தனி ட்ராக்குகள். விலை உயர்ந்த ஸ்டுடியோவுக்குள் அந்தக் குப்பைத் தொட்டி ஆம்ப் நுழைந்ததற்குக் காரணம், ஏசி30 தர முடியாத ஒரு குறுகிய ஒலியை அது தந்தது. அடுக்கும்போது ஒவ்வொரு குரலும் குறுகலாக இருந்தால்தான் மற்றவற்றுக்கு இடம் இருக்கும்.

மேடையில் மூன்று ஆம்ப்

ஸ்டுடியோவில் அடுக்கலாம், மேடையில் ஒருவர்தானே? மே எக்கோப்ளெக்ஸ் என்ற டேப் எதிரொலிக் கருவியை மாற்றியமைத்து, எதிரொலி வழக்கத்தைவிடத் தாமதமாக வரும்படி செய்தார். ஒரு வரியை வாசிப்பார். கிட்டத்தட்ட முக்கால் நொடி கழித்து அது திரும்பி வரும்போது அதன் மேல் கூட்டுச் சுரத்தை வாசிப்பார். இரண்டாவது எதிரொலி வரும்போது மூன்றாவது குரல். 1974இல் வெளிவந்த 'பிரைட்டன் ராக்' பாட்டின் நீண்ட தனி வாசிப்பு இப்படி வளர்ந்ததுதான்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: நேர் ஒலி ஒரு ஆம்புக்கு, முதல் எதிரொலி இன்னொன்றுக்கு, இரண்டாவது எதிரொலி மூன்றாவதற்கு. மூன்றையும் ஒரே ஏசி30க்குள் அனுப்பியிருந்தால் மேலே பார்த்த 114.4 கணக்கு மேடையிலும் நடந்திருக்கும். அவர் பின்னால் அடுக்கி நிற்கும் ஆம்புகளை வெறும் சத்தத்துக்கானவை என்று நினைப்பது தவறு.

வீட்டில் முயல்பவர்களுக்கு

முழு வால்யூமில் ஒரு ஏசி30ஐக் குடியிருப்பில் வைக்க முடியாது. 30 வாட் என்றால் சிறியது என்று தோன்றும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அப்படித் தோன்றாது. ஆனால் சங்கிலி புரிந்துவிட்டால் மாற்று வழி உண்டு.

1. பெரிய ஆம்பைக் குறைத்து வைப்பதைவிட, 1 முதல் 5 வாட் வரையுள்ள வால்வு ஆம்பை முழுதாகத் திறந்துவிடுங்கள். கணினி மென்பொருள் ஆம்பாக இருந்தாலும் சரி, அதன் வால்யூம் உச்சத்தில் இருக்கட்டும்.

2. பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் ட்ரெபிள் பூஸ்டர். ரெட் ஸ்பெஷல் நகல் கடைசியில் வாங்கினால் போதும். பூஸ்டரைக் கிட்டாருக்கு அடுத்தபடியாக, வேறு எதற்கும் முன்னால் வையுங்கள்.

3. கிட்டார் வால்யூமை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே நகர்த்தி வாசிக்கப் பழகுங்கள். பத்து என்பது தனிச் சுரங்களுக்கு.

4. கூட்டுக் கிட்டார் பதிவு செய்யும்போது ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாக ஆம்ப் மென்பொருளைப் போடுங்கள். எல்லா ட்ராக்கையும் ஒன்றாக்கி ஒரே ஆம்புக்கு அனுப்பினால் கணினி வேலை மிச்சம், ஆனால் கூட்டு போய்விடும்.

கடைசியாகச் சொன்னது உண்மைதானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஏ சுரத்தை ஒரு ட்ராக்கிலும் சி ஷார்ப்பை இன்னொன்றிலும் டிஸ்டார்ஷன் இல்லாமல் பதிவு செய்யுங்கள். முதலில் இரண்டையும் ஒரே ஆம்ப் மென்பொருள் வழியாகக் கேளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் அதே ஆம்பைத் தனித்தனியாகப் போட்டுக் கேளுங்கள். முதல் முறை அடியில் கேட்ட முனகல் இரண்டாவது முறை இருக்காது.